பழைய காரும் வலிக்கும் காலும்

திருத்தணி மலைக்கு 365 படிகள். வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படி. டிசம்பர் 31-ஆம் தேதி இரவு படித் திருவிழாவின்போது, படிக்கொரு பாட்டாகப் பாடிக்கொண்டு ஏறுகிறவர்களுக்கு அந்தப் படிகள் ஒரு கணக்கே அல்ல. ஆனால் அறுபது வயதைத் தாண்டி, மூட்டில் வலி கண்டவர்களுக்கோ ஒவ்வொரு படியும் ஒரு மலை. நல்ல வேளையாக, மலைமேல் கோயில் வரையில் மோட்டார் பாதை இருக்கிறது.

அந்தப் பாதையில் தமது சொந்தக் காரைத் தாமே ஓட்டிக்கொண்டு போகிற பெரியவர்கள் உண்டு. கார் புதியதல்ல, வீட்டில் ஒரு பிள்ளையைப்போல் வளர்ந்த அம்பாஸிடர், அல்லது பழைய பத்மினி. இங்கேதான் சங்கடம் தொடங்குகிறது. படியேற முடியாத அதே கால்தான் காரில் கிளச்சையும் மிதித்தாகவேண்டும். படியிலிருந்து தப்பிய கால், காருக்குள்ளே அகப்பட்டுக்கொள்கிறது!

இந்த நிலை வந்ததும் வீட்டில் மூன்று யோசனைகள் கிளம்பும். “அப்பா, இந்தக் காரை விற்றுவிடலாம்” என்பான் மகன். “இனிமேல் நீங்கள் ஓட்டவேண்டாம், டிரைவர் வைத்துக்கொள்ளலாம்” என்பாள் மனைவி. “எதற்கு விற்கவேண்டும்? ஆட்டோமேடிக் கியர்ப் பெட்டி ஒன்றை இறக்கி மாட்டிவிட்டால் போச்சு! கிளச்சே கிடையாது” என்பார் தெரிந்த மெக்கானிக்.

மூன்றாவது யோசனை காதுக்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் அதில் பாதிதான் சரி. மாற்றவேண்டியது காலின் வேலையை. கியர்ப் பெட்டியை அல்ல. இந்த இரண்டையும் ஒன்றென்று நினைப்பதனால்தான் பணமும் கரைகிறது, நன்றாக ஓடிய காரும் கெடுகிறது.

கிளச் செய்யும் வேலை

கார் நிற்கும்போதும் எஞ்சின் சுற்றிக்கொண்டே இருக்கவேண்டும். சக்கரமோ நிற்கவும் வேண்டும், உருளவும் வேண்டும். ஆகையால் இரண்டுக்கும் நடுவில், வேண்டும்போது சேர்ந்து வேண்டாதபோது பிரியும் ஓர் ஏற்பாடு தேவை. அதுதான் கிளச்.

எதிரும் புதிருமாக வைத்த இரண்டு தோசைக்கல்லை நினைத்துக்கொள்ளலாம். ஒன்று எஞ்சினோடு சுற்றும். மற்றொன்று கியர்ப் பெட்டியோடு சேர்ந்தது. சாதாரணமாக, வலுவான ஸ்பிரிங் இரண்டையும் இறுக்கி ஒன்றாக வைத்திருக்கும். இடது கால் கிளச்சை மிதித்தால் இரண்டும் பிரியும். காலை எடுத்தால் மறுபடியும் சேரும். அந்த ஸ்பிரிங்கை எதிர்த்து மிதிப்பதுதான் காலுக்குப் பாரம்.

கியர் என்பது வேறு. அது பற்சக்கரங்களின் கூட்டம். மேட்டில் பாரம் இழுக்கும் மாடு மெதுவாகத்தான் நடக்கும். சமதரையில் எட்டி நடக்கும். முதல் கியரில் கார் மெதுவாக, ஆனால் பலமாக இழுக்கிறது. நாலாவது கியரில் வேகம் உண்டு, இழுக்கும் பலம் குறைவு. கியரை மாற்றுவது கையின் வேலை. அதற்கு முன்பும் பின்பும் கிளச்சை மிதித்து விடுவது காலின் வேலை.

சமதரையில் இது பெரிய காரியமல்ல. மலைப் பாதையில் அப்படியா? முன்னால் போகும் பஸ் சட்டென்று நிற்கிறது. கார் சரிவில் நிற்கிறது. பின்னால் காவடி எடுத்த ஜனங்கள் நடந்து வருகிறார்கள். பஸ் நகர்ந்ததும், கைப் பிரேக்கைத் தளர்த்திக்கொண்டே, கிளச்சை அங்குலம் அங்குலமாக விட்டு, ஆக்ஸிலேட்டரைக் கொடுக்கவேண்டும். ஆரோக்கியமான காலுக்கே இது ஒரு வித்தை. வலிக்கிற கால் வெடுக்கென்று விட்டுவிட்டால் எஞ்சின் அணைந்துபோகும். அடுத்த விநாடி கார் பின்னுக்கு உருளும். ஆகவே இது சொகுசைப் பற்றிய பேச்சு அல்ல. காருக்குள் இருப்பவர்களின் உயிரும், பின்னால் நடந்து வருகிறவர்களின் உயிரும் சம்பந்தப்பட்ட விஷயம்.

கியர்ப் பெட்டியையே மாற்றினால்?

கிளச் மிதி இல்லாத முழு ஆட்டோமேடிக் கியர் புதிய அதிசயமல்ல. அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபில் கார்களில் ‘ஹைட்ரா-மேடிக்’ என்ற கியர்ப் பெட்டி 1939-லேயே வந்துவிட்டது. பெருமளவில் செய்து விற்கப்பட்ட முதல் முழு ஆட்டோமேடிக் அதுதான்.

அது வேலை செய்யும் விதம் எளிமையானது. இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வையுங்கள். ஒன்றை மட்டும் ஓடவிடுங்கள். அதன் காற்றுப் பட்டு மற்றதும் சுற்ற ஆரம்பிக்கும். ஆட்டோமேடிக் பெட்டிக்குள் காற்றுக்குப் பதில் எண்ணெய். எஞ்சின் ஒரு விசிறியைச் சுழற்றுகிறது. எண்ணெயின் விசையால் எதிர் விசிறி சுழல்கிறது. பிரேக்கை மிதித்து நின்றாலும் எஞ்சின் அணைவதில்லை, எண்ணெய் வழுக்கிக்கொடுக்கிறது. கியர்களையும் எண்ணெயின் அழுத்தமே மாற்றிக்கொள்கிறது.

அருமையான யந்திரம்தான். ஆனால் பழைய காருக்குள் அதைக் குடிவைப்பது, சின்ன வீட்டுக்குள் யானையைக் கட்டுவது போலாகும்.

முதலாவது, பெட்டியின் வாய் எஞ்சினின் முதுகோடு பொருந்தவேண்டும். பொருந்தாவிட்டால் நடுவில் ஒரு தகடு கடைந்து போடவேண்டும். அந்தக் கடைசலில் ஒரு மயிரிழை பிசகினாலும், சுற்றும்போது நடுங்கும். இரண்டாவது, பெட்டி பருமனாக இருந்தால் காரின் அடித்தளத்தை வெட்டவேண்டிவரும். மூன்றாவது, பின் சக்கரங்களுக்குப் போகும் நீளத் தண்டை வெட்டி ஒட்டி, மறுபடியும் சமன் பார்க்கவேண்டும். நாலாவது, ஆட்டோமேடிக் எண்ணெய் சூடேறும். அதைக் குளிரவைக்கத் தனிக் குழாய்களும் ஏற்பாடும் வேண்டும். ஐந்தாவது, கியர் போட்டிருக்கும்போது எஞ்சின் ஸ்டார்ட் ஆகாதபடி தடுக்கும் சுவிட்ச் ஒன்று அவசியம். அதை மறந்தால், சாவியைத் திருப்பியவுடன் கார் சுவரில் போய் முட்டும்.

இத்தனையும் செய்தபிறகு கிடைப்பது என்ன? பழைய அம்பாஸிடரின் பெட்ரோல் எஞ்சின் 1489 சி.சி.; பத்மினியின் எஞ்சின் 1089 சி.சி. இந்தச் சிறு எஞ்சின்களின் சக்தியில் ஒரு பங்கை எண்ணெய் விசிறி விழுங்கிவிடும். ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு மலை ஏறும்போது அது நன்றாகவே தெரியும். பெட்ரோலும் அதிகம் குடிக்கும்.

இன்னும் ஒன்று உண்டு. பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். பாட்டரி இறங்கிப்போனால், நாலு பேர் தள்ளி, இரண்டாவது கியரில் கிளச்சை விட்டு ஸ்டார்ட் செய்வார்கள் அல்லவா? இந்த எண்ணெய்ப் பெட்டி வந்தபிறகு பெரும்பாலும் அந்த வழி அடைபட்டுவிடும். எஞ்சின் ஓடினால்தான் பெட்டிக்குள் எண்ணெய் பாயும். அதனாலேயே, கெட்டுப்போன காரைப் பின் சக்கரம் தரையில் உருளும்படி வெகுதூரம் கட்டி இழுத்தால் பெட்டியே தேய்ந்துபோகும். வேலையைச் செய்து கொடுத்த மெக்கானிக் ஊரைவிட்டுப் போய்விட்டால், அதைத் திறந்து பார்க்கவே அடுத்தவர் தயங்குவார்.

தாய்க் காரிலேயே இருந்த உபாயம்

அப்படியானால் வழியே இல்லையா? இருக்கிறது. அதுவும் அம்பாஸிடரின் தாய் வீட்டிலேயே இருந்தது!

அம்பாஸிடர் கார், இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை அச்சாக வைத்துச் செய்யப்பட்டது. கல்கத்தாவை அடுத்த உத்தரபாரா தொழிற்சாலையில் 1950-களின் கடைசியில் பிறந்து, 2014-ஆம் வருஷம் வரையில் அது வெளிவந்துகொண்டிருந்தது. அதன் தாயான மாரிஸ் ஆக்ஸ்போர்டை 1956-ல் வாங்கியவர்கள், கூடுதல் பணம் கொடுத்தால் ‘மானுமேடிக்’ என்ற ஏற்பாட்டையும் சேர்த்து வாங்கலாம். அதில் கியர்ப் பெட்டி பழையதுதான். கியரை மாற்றுவதும் கைதான். கிளச் மிதி மட்டும் கிடையாது. கியர்க் கம்பியில் கை பட்டதும் யந்திரமே கிளச்சைப் பிரித்து, மறுபடியும் சேர்த்துவிடும். ஏறக்குறைய அதே காலத்தில் ஜெர்மனியில் ‘சாக்ஸோமேட்’ என்ற பெயரில் இதே மாதிரி ஏற்பாடு வந்தது.

இந்த யோசனை செத்துப்போகவில்லை. 2014-ல் மாருதி ஸெலேரியோ கார் இந்தியாவில் பிரபலமாக்கிய ‘ஆட்டோ கியர் ஷிப்ட்’ அதன் பேரப்பிள்ளை என்று சொல்லலாம். அதன் உள்ளே இருப்பதும் சாதாரணப் பற்சக்கரக் கியர்ப் பெட்டியே. காலின் வேலையையும் கையின் வேலையையும் சிறு யந்திரங்கள் எடுத்துக்கொண்டிருக்கின்றன; அவ்வளவுதான். விலை குறைந்த காருக்கும் ஆட்டோமேடிக் வந்தது, பெட்டியைத் தூக்கி எறிந்ததனால் அல்ல. இருக்கிற பெட்டியை வைத்துக்கொண்டு, மனிதனுடைய வேலையை மட்டும் மாற்றியதனால்.

பழைய காருக்கும் இதே நியாயம்தான். ‘ஆட்டோ கிளச்’ என்று சொல்லும் கருவியைப் பழைய பெட்டியோடு இணைக்கலாம். இளம்பிள்ளை வாதத்தால் இடது கால் பாதிக்கப்பட்டவர்கள் கார் ஓட்ட இது உதவுகிறது. அடித்தளத்தை வெட்டவேண்டாம், நீளத் தண்டைத் தொடவேண்டாம். வேண்டாம் என்றால் கழற்றிவிட்டுப் பழையபடி காலால் மிதிக்கலாம். தப்பிப்போனால் திரும்பி வர ஒரு வழி இருப்பது எந்தக் காரியத்துக்கும் நல்லது.

ஆனால் ஆட்டோ கிளச் மந்திரமல்ல. சரிவில் நிற்கும்போது ஆக்ஸிலேட்டரை லேசாகக் கொடுத்தே காரைத் தாங்கி நிறுத்தினால், கிளச் தட்டு தீய்ந்துபோகும். கைப் பிரேக்கைத்தான் போடவேண்டும். ஓய்வு கிடைத்த இடது கால், பழக்க தோஷத்தால் பிரேக்கை ஓங்கி மிதித்துவிடக்கூடும். ஆகவே வெறும் மைதானத்தில் பல நாள் பழகியபிறகே தெருவுக்கு வரவேண்டும். மலைக்கு அதற்கும் பிறகு.

ஏறுவதைவிட இறங்குவது

மலைப் பாதையில் எல்லோரும் ஏற்றத்தை நினைத்துப் பயப்படுகிறார்கள். பயப்படவேண்டியது இறக்கத்தில். எந்தக் கியரில் ஏறுகிறோமோ அந்தக் கியரிலேயே இறங்கவேண்டும் என்பது பழைய டிரைவர்களின் பாடம். சின்னக் கியரில் எஞ்சினே காரைப் பிடித்து இழுத்து வைக்கும். அதை விட்டுவிட்டுப் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால், பிரேக் சூடேறிப் பிடிப்பு தளரும். பழைய அம்பாஸிடரின் டிரம் பிரேக்குகளில் இந்த அபாயம் அதிகம்.

ஆகையால் எந்த மாற்றம் செய்தாலும், மெக்கானிக்கிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி இது: “இறக்கத்தில் எஞ்சின் பிடிப்பு இருக்குமா?” முழு ஆட்டோமேடிக் என்றால், சின்னக் கியரிலேயே நிறுத்தி வைக்கும் நிலை கியர்க் கம்பியில் இருக்கவேண்டும், ஓட்டுகிறவருக்கு அதை உபயோகிக்கவும் தெரிந்திருக்கவேண்டும். ஆட்டோ கிளச் என்றால், இறக்கத்தில் அது தானாகப் பிரிந்துகொள்ளாமல் இருக்கவேண்டும். பிரேக்கைப் புதுப்பிக்காமல் கியருக்குச் செலவு செய்வது, கூரை ஒழுகும்போது திண்ணைக்கு வர்ணம் பூசுவது போன்றது.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, வண்டியை மாற்றி அமைப்பதைப் பற்றியது. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள், தயாரித்தவர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறுபடும்படி சொந்தக்காரர் வண்டியை மாற்றக்கூடாது என்பது அதன் சாரம். 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. புதுக் கியர்ப் பெட்டி பொருந்தவில்லை என்று எஞ்சினையும் சேர்த்து மாற்றினால், சான்றிதழில் உள்ள எஞ்சின் நம்பரே பொய்யாகிவிடும்.

ஆனால் சட்டத்துக்கு இரக்கமும் இருக்கிறது. உடல் குறையுள்ள ஒருவரின் உபயோகத்துக்காக மாற்றி அமைக்கும் வண்டிக்கு அது தனியாக இடம் கொடுத்திருக்கிறது. ஆகவே டாக்டரின் சான்றிதழோடு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய், வேலை தொடங்குமுன் கேட்டுக்கொள்வதே முறை. வேலை முடிந்தபிறகு கேட்பது, தாலி கட்டியபின் ஜாதகம் பார்ப்பது போலாகும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்து மூலம் தெரிவித்துவிடவேண்டும். சொல்லாமல் செய்த மாற்றம், விபத்து நேர்ந்த அன்று வழக்காக வந்து நிற்கும்.

திருத்தணிக்காரர்களுக்கு இது இன்னும் முக்கியம். 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி ஆந்திரத்திலிருந்து பிரிந்து அன்றைய சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த எல்லையோர ஊர் இது. கொஞ்ச தூரம் போனால் நகரி, புத்தூர், அதற்கு அப்பால் திருப்பதி. கல்யாணமோ காதுகுத்தோ, எல்லையைத் தாண்டாத குடும்பம் இந்த ஊரில் அபூர்வம். உள்ளூரில் முகம் தெரிந்தவர்கள் விட்டுவிடலாம். எல்லைக்கு அப்பால் காகிதம்தான் பேசும்.

சில ஆட்சேபங்கள்

“பழைய கார் ஒரு பொக்கிஷம். அதில் ஓர் ஆணியைக்கூட மாற்றக்கூடாது” என்பவர்கள் உண்டு. கண்காட்சிக்கு வைத்த காருக்கு இது பொருந்தும். ஓடுகிற கார் மனிதனுக்காகவே இருக்கிறது. மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டால் முகம் கெட்டுவிடும் என்று யாரும் குருடாக இருப்பதில்லை.

“இவ்வளவு தொல்லை எதற்கு? விற்றுவிட்டு ஒரு ஆட்டோமேடிக் கார் வாங்கிவிடலாமே” என்று மகன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நெரிசலில் கிளச் மிதிக்க அலுப்பாக இருக்கிறது என்பது மட்டுமே காரணமானால், அதுவே சரியான வழி. புதிய காரில் எல்லாப் பாகமும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி செய்யப்பட்டிருக்கிறது. ஆனால் பென்ஷனில் காலம் தள்ளுகிற எல்லோராலும் புதிய கார் வாங்க முடியாது. பழைய காருக்குச் சந்தையில் கிடைக்கிற பணம், புதிய காரின் டயருக்குக்கூடக் காணாது. அந்த வீடுகளுக்குத்தான் ஆட்டோ கிளச் ஒரு வரப்பிரசாதம்.

மனைவி சொல்வதிலும் உண்மை இருக்கலாம். வலி எந்தக் காலில் என்று முதலில் பார்க்கவேண்டும். இடது காலில் மட்டும் என்றால் ஆட்டோ கிளச் போதும். வலது காலில் என்றால் எந்த ஆட்டோமேடிக்கும் காப்பாற்றாது. பிரேக்கும் ஆக்ஸிலேட்டரும் அந்தக் காலின் பொறுப்பில் இருக்கின்றன. கையால் இயக்கும் வேறு ஏற்பாடு வேண்டும். கண் மங்கினாலோ, சட்டென்று நிற்கவேண்டிய இடத்தில் மூளை ஒரு கணம் தாமதித்தாலோ, கியரை மாற்றிப் பயனில்லை. சாவியைத்தான் மாற்றிக் கொடுக்கவேண்டும். 55 வயதைத் தாண்டியவர்களுக்கு லைசென்ஸை ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கச் சட்டம் சொல்வது வீண் வழக்கமல்ல. அந்தச் சமயத்திலாவது டாக்டரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிக் கேட்டுக்கொள்ளவேண்டும்.

எது முதலில்?

ஆகவே வரிசை இதுதான். முதலில் டாக்டர். பிறகு போக்குவரத்து அலுவலகம். பிறகு பிரேக். அதன்பிறகே கிளச். முழுக் கியர்ப் பெட்டி இந்த வரிசையில் வரவே வேண்டாம்.

வீட்டுப் பெரியவரின் கையிலிருந்து கார் சாவியை வாங்கும்போது, பிள்ளைகள் ஒரு சாவியை மட்டும் வாங்குவதாக நினைக்கிறார்கள். அவருக்கோ, சந்தைக்கும் கோயிலுக்கும் சிநேகிதர் வீட்டுக்கும் பிறர் தயவில்லாமல் போய்வந்த சுதந்திரமே போகிறது. வலி இடது காலில் மட்டும் இருக்க, கண்ணும் புத்தியும் தெளிவாக இருக்க, அந்தச் சுதந்திரத்தைப் பறிப்பது அநியாயம். அதே சமயம், தெருவில் நடக்கிறவனின் உயிரைப் பணயம் வைத்து அதைக் காப்பாற்ற நினைப்பதும் அநியாயம். இரண்டு அநியாயத்துக்கும் நடுவில் ஒரு சின்ன வழி இருக்கிறது: உடம்புக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு மாற்றம், அதற்குமேல் ஓர் ஆணிகூட வேண்டாம்.